உமாதேவிக்கு விழுந்த சொல்

மைசூர் விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போகும் கிராஸ் தெரு ஒன்றில், உமாதேவிக்கு ட்யூப்லைட் என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டவள் அவளுடைய மூத்த நாத்தனார் பாப்பம்மாள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அந்த அளவு துணிச்சல் கிடையாது. அவள் அந்தப் பக்கம் போன பிறகு சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். உமாதேவியிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது என்பதுதான் காரணம். கேட்டவர் முகத்தைப் பார்ப்பாள். தரையைப் பார்ப்பாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவாள். அதற்குள் கேட்டவர் பொறுமை இழந்து, தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். உமாதேவியின் பதில் சில சமயம் மறுநாள் காலை வாசல் தெளிக்கும்போது வரும். கேட்டவருக்கு அப்போது கேள்வியே மறந்திருக்கும்.

கௌதள்ளி கிராமத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள் அவள். கணவன் வேலாயுதம் ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்ப்பவன். வீடு பாப்பம்மாளுடையது. விஜயநகர் வெறும் பொட்டலாகக் கிடந்த காலத்தில் அவள் புருஷனுக்கு வீடு கட்ட சைட் கிடைத்து, அவர் வீட்டைக் கட்டி முடித்த கையோடு போய்ச் சேர்ந்தார். முன்பக்கம் பாப்பம்மாளும் அவள் மகள் அஷ்வினியும். பின்பக்கத்து ஓர் அறையும் அடுப்படியும் தம்பி குடும்பத்துக்கு. குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை அந்த வீட்டில் எல்லாரும் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

தொண்ணூற்றாறில் அந்தத் தெருவின் காலை நேரம் மாறத் தொடங்கியது. முன்பெல்லாம் ஆண்கள் மட்டும் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்புவார்கள். இப்போது பெண்களும் கைப்பையை மாட்டிக்கொண்டு வங்கிக்கும் பள்ளிக்கும் நர்சிங் ஹோமுக்கும் ஓடினார்கள். இரண்டு சம்பளம் வந்தால்தான் வீட்டுக் கடனைக் கட்ட முடியும் என்ற நிலை. பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல் கேட் முன்னால் நின்று தவித்த அம்மாக்களை உமாதேவி தினமும் பார்த்தாள். தானே நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. 'பேபி சிட்டிங்' என்று அதற்கு ஒரு பேரும் ஊரில் புழக்கத்துக்கு வந்திருந்தது. தோன்றியதை அவள் வேலாயுதத்திடம் சொல்லப் பல நாள் ஆயிற்று. அவன் தன் அக்காவிடம் சொன்னான்.

பாப்பம்மாளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "பாலு பொங்கி அடுப்பே அணைஞ்சப்புறம் பாலு பொங்குதுன்னு சொல்றவ அவ. அவகிட்டப் புள்ளையக் குடுத்துட்டு எவ நிம்மதியா வேலைக்குப் போவா?" என்று கேட்டாள். வேலாயுதம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பின்பக்கத்துக்குப் போக முன்பக்கத்துக் கேட் ஒன்றுதான் வழி. பாப்பம்மாள் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையும் உள்ளே வர முடியாது. தம்பி நின்ற நிலையைப் பார்த்து அவளுக்கே மனம் இளகியிருக்க வேண்டும். முதலில் ஒரு பிள்ளை வரட்டும், ஒரு மாதம் பார்க்கிறேன், தெருவில் யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னாலும் அத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்றாள்.

உமாதேவிக்கு அந்த ஒரு பிள்ளை போதும். ஆனால் அந்த ஒரு பிள்ளையைத் தரப்போகும் அம்மா எங்கே இருக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் அவள் தலையில் ஓர் ஆங்கிலச் சொல் வந்து விழுந்தது.

அதே கிராஸில் ஷெர்லி டீச்சர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் மாலை நேரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். அந்த வீட்டில் கார் இருந்ததில்லை. இருந்த இடத்தில் பெஞ்சு போட்டு, ஒரு கரும்பலகையை மாட்டிவிட்டார். பி.காம். முடித்துவிட்டு இன்டர்வியூக்களில் வாயடைத்து நின்ற அஷ்வினியும் அங்கே போய்க்கொண்டிருந்தாள். டீச்சருக்குத் தனி முறை ஒன்று உண்டு. அகராதியைத் திறக்க விடமாட்டார். மாணவர்கள் ஆளுக்கு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சினிமா நடிகர், மந்திரி எல்லாம் கூடாது. தெருவில் தினமும் பார்க்கிற ஆளாக இருக்க வேண்டும். பெயரைச் சொன்ன பிறகு பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் என்ன சொல் இருக்கிறதோ அது அந்த ஆளுக்கு. அந்தச் சொல் அவருக்குப் பொருந்துகிறது என்று காட்ட மூன்று வாக்கியங்கள் எழுத வேண்டும். மூன்றும் உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். கதை விட்டால் டீச்சருக்குத் தெரிந்துவிடும். அவரும் அதே தெருவில்தானே இருக்கிறார். இப்படித்தான் தயிர்க்காரி மாதம்மாவுக்கு 'பங்க்சுவல்' விழுந்து, அவள் எந்நேரம் வருகிறாள் என்று ஒரு பையன் கடிகாரத்தோடு கேட்டில் நின்றான். ஓய்வுபெற்ற சுப்பையா சாருக்கு 'ஜெனரஸ்' விழுந்தபோது வகுப்பே ஒரு வாரம் தடுமாறியது.

அஷ்வினி சுலபமாக முடியட்டும் என்று அத்தை பெயரைச் சொன்னாள். 'கைன்ட்', 'சிம்பிள்' என்று ஏதாவது வரும், மூன்று என்ன முப்பது வாக்கியம் எழுதலாம் என்று கணக்கு. சீட்டைப் பிரித்தால் பெர்ஸ்பிகாசிட்டி. வாய்க்குள் நுழையவே அதற்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. வேறு சீட்டு எடுக்கலாமா என்று கேட்டாள். டீச்சர் டின்னை மூடிவிட்டார்.

பொருளையும் டீச்சரே சொன்னார். சாமர்த்தியம் என்று சொல்லலாம், ஆனால் வெறும் சாமர்த்தியம் இல்லை. அந்தச் சொல்லின் வேரில் 'ஊடே பார்ப்பது' என்ற பொருள் இருக்கிறது. எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஒரு விஷயம் கிடக்கும், எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தர் மட்டும் அதற்குப் பின்னால் நிற்பதைப் பார்ப்பார். அந்த ஒருத்தருக்கு இருப்பதுதான் இது. இன்னொன்றையும் சொல்லி எச்சரித்தார். எனக்கு இது இருக்கிறது என்று யாரும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள முடியாத சொல் இது, சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், மற்றவர்கள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

அஷ்வினி வீட்டுக்கு வந்து சொன்னதும் பாப்பம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பின்பக்கத்துத் துவைகல்லில் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த உமாதேவிக்கும் கேட்டது. அஷ்வினியைக் கூப்பிட்டு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தாள்.

"ஜாணத்தனம் அத்தை. கன்னடத்துல கெட்டிக்காரிய ஜாணெங்கறாங்களே, அதுக்கும் மேல. ஆளுக்குள்ள பூந்து பார்க்கறது."

உமாதேவி சட்டையைப் பிழிந்தாள், உதறினாள், காயப்போட்டாள். மறுநாள் காலை அஷ்வினி பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அம்மிணி, அந்தச் சீட்டைத் திருப்பிக் குடுக்க முடியாதுங்களா?" என்றாள்.

முடியாது. ஆகவே அஷ்வினி அத்தையைக் கவனிக்க ஆரம்பித்தாள். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் உமாதேவிக்குக் கை கால் ஓடவில்லை. சட்டென்று பதில் சொல்லிப் பழகலாம் என்று அவளாக முடிவு செய்தாள். அதன் விளைவாக கேஸ்காரன் சிலிண்டர் வேணுமா என்று கேட்ட மாத்திரத்தில் வேணும் என்று சொல்லிவிட, நிறைந்த சிலிண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு நிறைந்த சிலிண்டர் வந்து உட்கார்ந்தது. பாப்பம்மாள் அதைத் தெருவெல்லாம் சொன்னாள்.

அஷ்வினி எழுதிய முதல் வாக்கியம், அம்மா எவ்வளவு ஏசினாலும் அத்தை எதிர்த்துப் பேசியதில்லை என்பது. டீச்சர் அடித்துவிட்டார். அது பொறுமை, அதற்கு வேறு சீட்டு இருக்கிறது. இரண்டாவது, அம்மா இரவல் கேட்டுவிடுவாள் என்று புதுச் சேலையை அத்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறாள் என்பது. டீச்சர் சிரித்துவிட்டு அதையும் அடித்தார். அது தந்திரம். தனக்கு வேண்டியதைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வது, பார்வையோடு சம்பந்தமில்லாதது. காணாமல் போன சாவிக் கொத்தைக் கண்டுபிடித்தாள் என்ற மூன்றாவது வாக்கியத்துக்கு, ஞாபகசக்தி என்று ஓரத்தில் எழுதினார். சாவிக்கு மனசு கிடையாது, மனுஷர்களிடம் போ என்றார்.

ஜூடித் வந்தது இதற்கு நடுவில்தான். அவள் ஒரு நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ். கணவன் பெர்னார்ட் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில். மூன்று வயது முடியாத மகன் ரோனி. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் இன்னொரு மருமகளின் பிரசவத்துக்காகக் கோலார் பக்கம் கே.ஜி.எஃப். போய்விட்டார். ஜூடித்துக்கு வேறு வழி இருந்திருந்தால் ட்யூப்லைட்டிடம் வந்திருக்க மாட்டாள், உமாதேவிக்கும் அது தெரியும். ஆனாலும் முதல் நாளுக்கு முந்தின சாயங்காலமே அறையைக் கழுவி, ஆணி நீட்டிக்கொண்டிருந்த ஸ்டூலை அப்புறப்படுத்தி, பாயை வெயிலில் போட்டு எடுத்துவைத்தாள்.

காலையில் பிள்ளையோடு ஜூடித் வந்தபோது பாப்பம்மாளே முன்னால் நின்று யோசனை சொன்னாள். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். காக்காயைக் காட்டி, நாயைக் காட்டி, பிள்ளை வாயில் ஒரு கவளத்தை வைக்க வேண்டும். அவன் மெல்லுகிற நேரத்தில் அம்மா நழுவிவிட வேண்டும். திரும்பிப் பார்க்கும்போது ஆள் இருக்காது, கொஞ்சம் சிணுங்கிவிட்டு மறந்துவிடுவான். ஜூடித்துக்கு இது புதிதில்லை. மாமியார் இருந்தபோதும் தினமும் அப்படித்தான் டியூட்டிக்குப் போவாள்.

ரோனி சிணுங்கவில்லை. அழவும் இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். உமாதேவி தயிர்ச்சோறு பிசைந்து நீட்டினாள், இட்லி நீட்டினாள், சர்க்கரை தொட்டு நீட்டினாள். உதடு திறக்கவில்லை. சாயங்காலம் ஜூடித் வந்து காலி ஆகாத டப்பாவைப் பார்த்துவிட்டு, அவன் எப்போதும் அப்படித்தான் என்றாள். பையனுக்கு நெஞ்சு குழிந்துவிட்டது. பசிக்கு டானிக் கொடுத்தாயிற்று, பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, பெரிய டாக்டரிடம் காட்டியாயிற்று. பிலோமினா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. பாப்பம்மாள் தன் பங்குக்கு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். தெருவே இருமியது. ரோனி வாயைத் திறக்கவில்லை.

உமாதேவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்களில் அஷ்வினி தன்னைப் பார்ப்பதை அவள் மறந்தே போனாள். பையனுக்குப் பசி இல்லாமல் இல்லை. முறத்தில் காய்ந்த நிலக்கடலையை யாரும் பார்க்காத நேரத்தில் அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறான். குழாயைத் திறந்து தானே தண்ணீர் குடிக்கிறான். ஆனால் தட்டு என்று ஒன்று எதிரில் வந்துவிட்டால் அவன் கண் தட்டுக்குப் போவதில்லை, கேட்டுக்குப் போகிறது. சோற்றைப் பிடிக்காத பிள்ளை சோற்றைப் பார்த்துத்தானே முகத்தைச் சுளிக்கும்?

ஒருநாள் ஜூடித் அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது உமாதேவி, "சிஸ்டர், ஞாயித்துக்கெழமை சாப்பிடறானுங்களா?" என்று கேட்டாள்.

ஜூடித் யோசித்தாள். லீவு நாளில் மடியில் உட்காரவைத்து ஊட்டினால் கொஞ்சம் சாப்பிடுவான், ஆனால் ஒரு கையால் தன் புடவையைப் பிடித்துக்கொண்டே இருப்பான், தண்ணீர் எடுக்க எழுந்தாலும் துப்பிவிடுவான் என்றாள். சொல்லிவிட்டு அவசரமாக வீட்டுக்கு நடந்தாள்.

உமாதேவி துவைகல்லில் உட்கார்ந்து அதை யோசித்தாள். வேலாயுதம் ஷிப்ட் முடிந்து வரும்வரை யோசித்தாள். அவன் கை கழுவும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள். இவ்வளவு நாளாக அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு கவளத்தோடும் ஓர் அம்மா காணாமல் போயிருக்கிறாள். வாயைத் திறந்தால் அம்மா போய்விடுவாள், திறக்காவிட்டால் போகமாட்டாள் என்று அவன் ஒரு கணக்குப் போட்டுவைத்திருக்கிறான்.

வேலாயுதம் துண்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று அவனுக்குப் பட்டது. அதனாலேயே பயமாக இருந்தது. "அந்தம்மா நர்ஸு உமா. நீ ஏமாத்திட்டுப் போறதாலதான் புள்ள பட்டினி கெடக்குதுன்னு பெத்தவகிட்டச் சொல்ல முடியுமா? கோவிச்சுக்கிட்டுத் தூக்கிட்டுப் போயிட்டான்னா அக்கா கேட்டை மூடிருவா. அப்புறம் இன்னொரு புள்ள வராது, பாத்துக்க" என்றான்.

அவளுக்கும் தெரியும். அதனால் சொல்லாமல் இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பாள், ஜூடித்தின் களைத்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழாது. அந்த வாரக் கடைசியில் ஜூடித்தே பேச்சை எடுத்தாள். பையன் எடை இன்னும் இறங்கிவிட்டது, திங்கட்கிழமை பெர்னார்ட் அவனை கே.ஜி.எஃப்.பில் பாட்டியிடம் கொண்டுபோய் விடப்போகிறார், எப்போது திரும்பக் கூட்டி வர முடியும் என்று தெரியவில்லை என்றாள். சொல்லும்போது உமாதேவியைப் பார்க்காமல் பையனுடைய ஷூ நாடாவைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போலப் பாப்பம்மாள் கையைத் தட்டி காக்காயைக் கூப்பிட்டாள். உமாதேவி கையில் இட்லித் துண்டு. ஜூடித் செருப்புச் சத்தம் கேட்காமல் பின்னால் நகர்ந்து கேட்டின் கொண்டியில் கை வைத்தாள்.

"சிஸ்டர், நில்லுங்க. சொல்லீட்டுப் போங்க" என்றாள் உமாதேவி.

பாப்பம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏ ட்யூப்லைட்டு, ஸும்னிரு, வாய மூடு. அழுவான்டி" என்று பல்லைக் கடித்தாள்.

"அழுவட்டுங்க அண்ணி." உமாதேவி இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். "சோறு வந்தா அம்மா போயிருவாங்கன்னு அவன் நெனச்சுட்டானுங்க சிஸ்டர். அவனுக்குச் சோத்து மேல ஒரு கோவமும் இல்லீங்க. வாய மூடி உங்களப் புடிச்சு வெச்சிருக்கறான். அவ்வளவுதானுங்க."

ஜூடித்தின் முகம் சிவந்தது. தினம் முப்பது நோயாளிகளைப் பார்க்கிறவளுக்குத் தன் பிள்ளையைப் பார்க்கத் தெரியாதா என்று கேட்க வாயெடுத்த மாதிரிதான் இருந்தது. ரோனி அவள் கேட்டில் நிற்பதைப் பார்த்துவிட்டான். ஓடவில்லை. இட்லித் தட்டைக் காலால் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஜூடித் அதைப் பார்த்தாள். கைப்பையைத் தரையில் வைத்தாள். திரும்பி வந்து அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ரோனி, அம்மா டியூட்டிக்குப் போயிட்டு வரேன்டா" என்றாள். இதைச் சொல்ல அவளுக்குப் பழக்கமே இல்லை போல, வார்த்தை இடறியது. "நாலு மணிக்கு வந்துருவேன்."

நாலு மணி என்றால் அவனுக்கு என்ன தெரியும்? உமாதேவி வாசல் கொய்யா மரத்தின் நிழலைக் காட்டினாள். இப்போது வீட்டுச் சுவரில் கிடக்கிறது, அது நகர்ந்து நகர்ந்து போய்க் கேட்டைத் தொடும்போது அம்மா வருவாள் என்றாள்.

அன்று ரோனி அழுத அழுகையைத் தெரு வெகுநாள் பேசியது. இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதான். சுப்பையா சார் பேப்பரோடு வந்து கேட்டில் நின்றார். எதிர்வீட்டு கெம்பம்மா, மகு, பாவம் அந்தக் குழந்தை, ஏன் இப்படிக் கத்துகிறது, அடித்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டாள். பாப்பம்மாளுக்கு மானம் போயிற்று. தெருவில் ஒரு வார்த்தை வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று சொன்னேனே, வார்த்தை வந்தாயிற்று, இன்றோடு சரி என்று அறிவித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உமாதேவி பையனைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். சமாதானம் சொல்லவில்லை, வேடிக்கை காட்டவில்லை. நிழல் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவ்வப்போது காட்டினாள்.

நிழல் கேட்டைத் தொட்டது. ஜூடித்தைக் காணோம். ரோனி நிழலைப் பார்த்தான், உமாதேவியைப் பார்த்தான். அவள் கேட்டுக்கு வெளியே தெருமுனையை எட்டிப் பார்த்தாள். பஸ் வரவில்லையோ, டியூட்டியில் நிறுத்திவிட்டார்களோ, ஜூடித்தே வேண்டுமென்று தாமதிக்கிறாளோ. இந்த ஒரு நாள் தவறினால் இனி அந்தப் பிள்ளை எதையும் நம்ப மாட்டான், தன்னையும் நம்ப மாட்டான். நிழல் கேட்டின் இரண்டாவது கம்பிக்கு ஏறும்போது ஆட்டோ ஒன்று வந்து முட்டிக்கொள்வதுபோல் நின்றது. வெள்ளை உடுப்போடு ஜூடித் இறங்கி ஓடி வந்தாள். ஷிப்ட் மாற்ற வேண்டிய நர்ஸ் வரத் தாமதித்ததாகவும், பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்ததாகவும் மூச்சிரைக்கச் சொன்னாள். உமாதேவியிடம் சொல்லவில்லை. பையனிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை ரோனி கே.ஜி.எஃப். போகவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று ஜூடித் பெர்னார்டிடம் சொல்லியிருந்தாள். பாப்பம்மாளிடம், அழுதால் அழட்டும், நான்தான் சொன்னேன், தெருவில் கேட்டால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள் என்று அவளே போய்ச் சொன்னாள். பெற்றவளே சொன்ன பிறகு பாப்பம்மாளால் கேட்டை மூட முடியவில்லை.

ஆனால் பையன் உடனே சாப்பிட்டுவிடவில்லை. அழுகை மெல்லக் குறைந்தது. அம்மா போகும்போது டாட்டா காட்டினான். நிழல் கேட்டைத் தொடும் முன்பே போய்க் கேட்டில் நின்றான். சாப்பாட்டுக்கு மட்டும் உதடு திறக்கவில்லை. தான் பார்த்தது தப்போ என்று உமாதேவிக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்படி ஒரு காலையில், இரவு ஷிப்ட் முடித்து வந்த வேலாயுதம் அறை மூலையில் உட்கார்ந்து ராகிக் களி முத்தையைக் கீரைச் சாற்றில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தான். ரோனி எதிரில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். ஒருமுறை கேட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். கவளத்தோடு வேலாயுதத்தின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மனைவியைக் கூப்பிட அவனுக்குப் பயம், கூப்பிட்டால் வாய் மூடிக்கொள்ளுமோ என்று. அடுப்படியிலிருந்து வந்த உமாதேவி வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போய் இன்னொரு முத்தை கிண்டினாள்.

அஷ்வினி அன்று மாலையே வகுப்பில் வாக்கியத்தைப் படித்தாள். அந்தப் பிள்ளை சோற்றை வெறுக்கவில்லை, அம்மாவைக் காவல் காத்துக்கொண்டிருந்தது என்பதை என் அத்தை கண்டாள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். டீச்சர், குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாமே என்று மடக்கினார். பாப்பம்மாளும் வீட்டில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அஷ்வினி விடவில்லை. முதலில் கடலையைப் பார்த்தாள், பிறகு கண் போகும் திசையைப் பார்த்தாள், பிறகு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டாள், கேட்டபோதே பாதி தெரிந்துவிட்டது என்றாள். டீச்சர் தலையை ஆட்டினார். வாக்கியத்தில் அந்தச் சொல் இல்லையே என்று ஒருவன் எழுந்து குறை சொன்னான். அஷ்வினி பெர்ஸ்பிகாசிட்டியை நடுவில் சொருகிப் படித்துப் பார்த்தாள். வாக்கியத்துக்கு மூச்சு முட்டியது. டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இது வருஷத்துக்கு ஒருதரம் கட்டுகிற பட்டுப் புடவை மாதிரி, சந்தைக்குக் கட்டிக்கொண்டு போகக் கூடாது, எடுத்து வைத்துக்கொள் என்று சொல்லி, மூன்று வாக்கியத்துக்குப் பதில் அந்த ஒன்றையே போதும் என்று வைத்துக்கொண்டார்.

நர்சிங் ஹோமில் ஜூடித் என்ன சொன்னாளோ, ஏப்ரலிலேயே இன்னும் இரண்டு நர்ஸுகள் வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். உமாதேவி அவள் இடுப்பில் இருந்த குழந்தையையே வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பெண் மற்றவர்களைப் போல நடையைக் கட்டாமல் காத்திருந்தாள். ஜூனில் பள்ளி திறந்தபோது அறை போதவில்லை. இரவு ஷிப்ட் முடித்து வரும் வேலாயுதத்துக்குப் பகலில் படுக்க இடமில்லாமல் போய், பாயைச் சுருட்டிக்கொண்டு அக்காவின் மாடிப்படிக்குக் கீழே குடியேறினான். வீடு இருந்தும் அகதியாகிவிட்டேன் என்று தொழிற்சாலை பஸ்ஸில் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

பாப்பம்மாள் காலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டருகே உட்கார ஆரம்பித்தாள். காற்றுக்காக என்று சொன்னாள். ஒருநாள் புதிதாகச் சேர்ந்திருந்த வங்கி மேனேஜரம்மா, மகள் பொம்மையில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து, பூனை மாதிரி நடந்து வந்து கொண்டியைத் தொட்டாள். நாற்காலி எழுந்திருக்கவில்லை. கை மட்டும் நீண்டு கொண்டியைப் பிடித்துக்கொண்டது.

"மேடம், மகுகெ ஹேளி ஹோகி" என்றாள் பாப்பம்மாள். பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்று, உமாதேவி அன்று சொன்னதையே கன்னடத்தில்.

அழுவாளே, நேரமாகிறதே என்று மேனேஜரம்மா கெஞ்சினாள். அழுதால் பார்த்துக்கொள்ள உள்ளே ஆள் இருக்கிறாள், அதற்குத்தானே விடுகிறீர்கள் என்று பாப்பம்மாள் கன்னடத்தில் பதில் சொன்னாள். கொண்டியை விடவில்லை. மேனேஜரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பின்பக்கம் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு பெரிய அழுகை கிளம்பியது. தெருவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.